தட்டும் தோல் சக்கரமும்

யாங்கோனை அடுத்த தன்லினில் எங்கள் பட்டறைக்கு மூன்று தெரு தள்ளி ஒரு சின்னப் பருப்பு மில் இருக்கிறது. உளுந்து மட்டும்தான் உடைப்பார்கள். பர்மியர்கள் மட்பே என்று சொல்லும் இந்த உளுந்து, மழைக்கால நெல் அறுவடை முடிந்தபின் வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே விளைந்துவிடும். பெரும்பகுதி மூட்டையாகவே பயின்னவுங் சந்தை வழியாகக் கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. மீதியில் கொஞ்சம் இந்த மாதிரி மில்களுக்கு வந்து, இங்கேயே இட்லியாகவும் வடையாகவும் முடிகிறது.

மில் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். தோலைத் தேய்த்தெடுக்கும் சொரசொரப்பான எமெரி உருளைக்கு உளுந்தைத் தள்ளும் ஃபீடர் ஸ்க்ரூவின் வேகத்தை மில்லை நிறுத்தாமல் கூட்டிக் குறைக்க வேண்டும்.

உளுந்தின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் பிசின் போல ஒரு பசை உண்டு. துவரையைப் போலவே இதுவும் லேசில் தோலை விடாது. அதனால் முதல் ஓட்டத்தில் எமெரியில் தோலைக் கீறி மட்டும் விடுவார்கள். பிறகு எண்ணெய் தடவி, ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து மறுபடி ஓட்டுவார்கள். முதல் ஓட்டத்துக்கு ஸ்க்ரூ வேகமாகச் சுற்றலாம். எண்ணெய் ஏறிய சரக்குக்கு மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் தோல் நிற்கும், குறைந்தால் பருப்பு நொய்யாகும். காலை வெயிலில் காய்ந்த மூட்டைக்கும் மேகமூட்டத்தில் காய்ந்த மூட்டைக்கும் கூட வேகம் மாறும். அண்ணன் உருளையின் வாயில் கையை வைத்துப் பார்த்தே சொல்வார்: "தம்பி, இன்னும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும்." அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்க மில்லில் வழியில்லை. இருந்தது மூன்று படி புல்லி. பெல்ட்டைக் கழற்றி அடுத்த படியில் போட வேண்டும், அதற்கு எஞ்சினை நிறுத்த வேண்டும், இடையில் வேகமே கிடையாது.

மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரும் வைத்தால் முடிந்தது என்று தோன்றும். இவர்களும் வைத்தார்கள். மின்சாரம் வந்து போகும் போக்கில் முதல் மழைக்காலத்திலேயே உள்ளே இருந்த மின்சுற்று அட்டை கருகிப் போனது. இப்போது மில் முழுவதும் 22 குதிரைத் திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் சீன டீசல் எஞ்சினில் ஓடுகிறது. மேலே ஒரு லைன் ஷாஃப்ட், நிமிடத்துக்கு 480 சுற்று. எல்லா இயந்திரமும் அதிலிருந்துதான் பெல்ட் வாங்குகின்றன. மின்சாரமே தொடாத வேக மாற்றி வேண்டும் என்றார் அண்ணன்.

யோசனை ஒரு பழைய புல்வெட்டியிலிருந்து வந்தது. சில மாதங்களுக்கு முன் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. அடியில் ஒரு தட்டையான இரும்புத் தட்டு, அதன் முகத்தில் செங்குத்தாக அழுந்தி நிற்கும் ரப்பர் விளிம்புச் சக்கரம், அவ்வளவுதான். கியர் பெட்டி கிடையாது. சக்கரத்தைத் தட்டின் மையத்தை நோக்கி நகர்த்தினால் ஒரு வேகம், விளிம்பை நோக்கி நகர்த்தினால் வேறு வேகம். திருகையின் மேல்கல்லில் முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த எறும்பையும் ஓரத்தில் உட்கார்ந்த எறும்பையும் நினைத்துக்கொண்டால் போதும். ஒரே சுற்றுக்கு ஓரத்து எறும்பு நெடுந்தூரம் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1900களின் தொடக்கத்தில் கார்ட்டர்கார் என்ற கார் முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. பனி அள்ளும் இயந்திரங்கள் பலவற்றில் இன்றைக்கும் இதுதான் இருக்கிறது. பனியையே பார்க்காத ஊரில் அதை நான் செய்து பார்க்க வேண்டியதாயிற்று.

தட்டுக்காக முதலில் பழைய லாரி ஃப்ளைவீல் ஒன்றை வாங்கிவந்தேன். வார்ப்பிரும்பு, கடைந்த முகம், ஏற்கெனவே சமன் செய்தது. மலிவாகக் கிடைத்ததில் மனம் குளிர்ந்துவிட்டது. பட்டறையில் வைத்து அளந்தபோதுதான் விழித்தேன். கிளட்ச் உட்காரும் வளையம் மட்டும்தான் தட்டையாக இருந்தது. உள்ளே பள்ளம், போல்ட் துளைகள். பயன்படும் ஆரம் 110 முதல் 170 மில்லிமீட்டர் வரை மட்டுமே. அதாவது வேகத்தை ஒன்றரை மடங்குதான் மாற்ற முடியும். எனக்கு வேண்டியது 2⅓ மடங்கு. அந்த ஃப்ளைவீல் இப்போது பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

பிறகு மர அச்சு செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுத்தேன். 400 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் கனம், முதுகில் ஆறு விலா. எடை 28 கிலோ, இங்கத்திய கணக்கில் 17 வீசைக்குச் சற்று மேல். எங்கள் லேத்தின் படுகைத் துண்டைக் கழற்றினால்தான் அந்த விட்டம் சுற்ற இடம் கிடைக்கும். கழற்றி, தட்டை அதன் அச்சோடு சேர்த்தே பிடித்து முகத்தைக் கடைந்தேன். தனியாகக் கடைந்து பிறகு அச்சில் மாட்டினால் முகம் தள்ளாடும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. அது போதும்.

கடைந்த முகத்தில் உளி விட்ட கோடுகள் அப்படியே இருந்தால் அது அரம்தான். எந்த மென்மையான விளிம்பையும் ஒரு வாரத்தில் தின்றுவிடும். அதனால் எமெரிக் கல்லால் தேய்த்து மழமழப்பாக்கினேன். தேய்த்த பிறகு மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவ வேண்டும். எமெரித் துகள் ஒன்று தோலில் குத்திக்கொண்டால் அதற்குப்பின் தேய்மானம் நிற்காது.

சக்கரத்தின் விட்டம் 150 மில்லிமீட்டர். விளிம்புக்கு முதலில் லாரி டயரின் பக்கச் சுவரை வட்டமாக வெட்டி அடுக்கினேன். ரப்பரின் பிடிப்பு அருமை. ஆனால் எண்ணெய் தடவிய உளுந்து ஓடும் மில் அது, காற்றிலேயே எண்ணெய்ப் பசை மிதக்கிறது. நான்கு நாளில் விளிம்பு உப்பி, மேலே கண்ணாடி போலப் பளபளத்தது. தூக்கிப் போட்டுவிட்டு எருமைத் தோலுக்கு மாறினேன். செருப்புத் தைப்பவரிடம் கனமான துண்டுகள் வாங்கி, வளையங்களாக வெட்டி, வஜ்ஜிரப் பசை தடவி அடுக்கி, இரண்டு இரும்பு வட்டுகளுக்கு நடுவில் போல்ட் போட்டு முறுக்கி, மூன்று நாள் காயவிட்டு லேத்தில் கடைந்தேன். தோலின் மேற்புறம் அல்ல, வெட்டிய ஓரம்தான் தட்டில் பட வேண்டும். உளி நன்றாகத் தீட்டியிருந்தால் தோல் மரத்தைப் போலச் சுருள் சுருளாக வரும். மொண்ணை உளி என்றால் பிய்த்துக்கொண்டு வரும். பட்டறை முழுவதும் இரண்டு நாள் தோல் ஷாப்பு வாடை.

விளிம்பின் அகலம் 20 மில்லிமீட்டரா, 12 மில்லிமீட்டரா? அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்று கைக்குத் தோன்றுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. சக்கர விளிம்பு முழுவதும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் தட்டு அப்படியல்ல. சக்கரத்தின் நடு, மையத்திலிருந்து 75 மில்லிமீட்டரில் நின்றால், 20 மில்லிமீட்டர் விளிம்பின் உள்ளோரம் 65இலும் வெளியோரம் 85இலும் இருக்கும். இரண்டு ஓரத்துக்கும் இடையே தட்டின் வேகம் 27 சதவீதம் வித்தியாசப்படுகிறது. அவ்வளவும் தேய்ப்பாகவும் சூடாகவும் போகும். 12 மில்லிமீட்டர் என்றால் அது 16 சதவீதம். அதே 12 மில்லிமீட்டர், 175 ஆரத்தில் 7 சதவீதத்துக்கும் கீழே. மையத்துக்கு அருகில் வேலை செய்வது எப்போதும் தோலுக்குக் கேடு. 12 வைத்தேன்.

அழுத்தம் எவ்வளவு வேண்டும்? தோலுக்கும் வார்ப்பிரும்புக்கும் உராய்வுக் கெழு 0.2 என்று தாராளமில்லாமல் எடுத்துக்கொண்டேன். தூசியும் பசையும் இருக்கும் இடத்தில் புத்தகத்தில் உள்ள பெரிய எண்களை நம்பினால் ஏமாறுவோம். ஸ்க்ரூவுக்குக் கால் குதிரைத் திறன், அதாவது ஏறக்குறைய 186 வாட் போதும். விளிம்பு வேகம் விநாடிக்கு 3.77 மீட்டர் என்றால் இழுவிசை 5 கிலோ, அழுத்தம் 25 கிலோ. வழுக்காமல் இருக்க 40 கிலோ வைத்தேன். பழைய மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை மூட்டைத் தராசின் மேல் நிறுத்தி, துளையிடும் இயந்திரத்தின் கைப்பிடியால் அழுத்தி, 40 கிலோ காட்டும்போது எவ்வளவு அமுங்கியது என்று அளந்தேன். 32 மில்லிமீட்டர். அதே அளவு அமுங்கும்படி தட்டின் அச்சுக்குப் பின்னால் பொருத்தினேன். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில், அச்சின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்கும் 51106 த்ரஸ்ட் பேரிங். அச்சு வெண்கல புஷ்ஷில் 3 மில்லிமீட்டர் முன்பின் நகரும். ஒரு மிதியை அழுத்தினால் தட்டு பின்வாங்கி, சக்கரம் சும்மா நிற்கும். மில் நிற்கும்போது மிதியைப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தி, காலையில் தோலில் பள்ளம் விழுந்திருக்கும்.

இப்போது நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன்.

புல்வெட்டியில் பார்த்தபடியே செய்தேன். தட்டு ஓட்டும், சக்கரம் ஓடும். லைன் ஷாஃப்டிலிருந்து 3 அங்குலப் புல்லியும் 7 அங்குலப் புல்லியும் போட்டு வேகத்தைக் குறைத்துத் தட்டுக்குக் கொடுத்தேன், 206 சுற்று. தோல் சக்கரம் 75 ஆரத்தில் நின்றால் அதுவும் 206, 175இல் நின்றால் 480. அதன் பின் 15 பல்லுக்கு 38 பல் சங்கிலி, ஃபீடரில் முன்பே இருந்த 1:2 பல்சக்கர ஜோடி. ஸ்க்ரூவுக்கு 40 முதல் 95 சுற்று வரை எந்த வேகமும் கிடைத்தது. (சங்கிலிச் சக்கரங்கள் மோட்டார் சைக்கிளுடையவை. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்கே தேடி அலையாமல் பகோவிலிருந்து வரவழைத்தோம்.) கைச்சக்கரத்தைத் திருப்பத் திருப்ப உளுந்து மெலிந்து தடிப்பதைப் பார்த்து அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். வேலையாட்களுக்கெல்லாம் பால் டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாளே ஒரு சின்ன விந்தை. கைச்சக்கரம் தானாகத் திரும்பியது. யாரும் தொடாமலே தோல் சக்கரம் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, வேகம் ஏறிக்கொண்டே போனது. என் கடைப் பையன் பர்மியன், "சயா, உள்ளே நாட் இருக்கிறது" என்றான். அவர்கள் ஊர்த் தேவதை. நாட் அல்ல, என் அளவுகோல்தான். சக்கரத்தின் அச்சு தட்டின் மையத்துக்கு நேராகப் போக வேண்டும். நான் 4 மில்லிமீட்டர் கீழே வைத்திருந்தேன். மையக் கோட்டிலிருந்து விலகினால், தட்டு சக்கரத்தைச் சுற்றுவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். பேரிங் அடியில் 4 மில்லிமீட்டர் தகடு கொடுத்ததும் தேவதை போய்விட்டது.

மூன்றாவது வாரம்தான் நிஜமான அடி. எண்ணெய் தடவிய சரக்கு மெதுவான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு நூல் ஒரு முடிச்சாக ஸ்க்ரூவில் சுற்றிக்கொண்டு, கட்டியாகிப்போன உளுந்தும் சேர, ஸ்க்ரூ நின்றுவிட்டது. எஞ்சின் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய் மிதியை அழுத்தினார்கள். நூலை வெட்டி மறுபடி ஓட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் "டொக்" என்று ஒரு இடி. கழற்றிப் பார்த்தேன். தோல் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகத் தேய்ந்து கருகியிருந்தது. மற்ற இடமெல்லாம் புதிது போல இருந்தது.

அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஸ்க்ரூ நின்றபோது சக்கரமும் நின்றுவிட்டது. தட்டு மட்டும் சுற்றியது. நின்றுபோன மென்மையான பொருளின் ஒரே இடத்தில், ஓடுகிற கெட்டியான பொருள் உரசிக்கொண்டே இருந்தது. அரத்தில் பென்சிலை வைத்த மாதிரி. திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? தோல் சக்கரம் ஓட்டுவதாகவும் தட்டு ஓடுவதாகவும் இருந்தால், ஸ்க்ரூ சிக்கும்போது நிற்பது வார்ப்பிரும்பு. சுற்றுவது தோல். தேய்ந்தாலும் சுற்றளவு முழுவதும் சமமாகத்தான் தேயும். வட்டம் வட்டமாகவே இருக்கும். விட்டம் மட்டும் ஒரு மயிரிழை குறையும்.

புல்வெட்டியில் ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்கலாம். அங்கே சக்கரத்தைத் தட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தால் வண்டி நிற்கும், மையத்தைத் தாண்டினால் பின்னால் போகும். வண்டிக்கு அது வேண்டும். எனக்குப் பின்னால் போகும் உளுந்து எதற்கு?

திருப்பிப் போடுவதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 3க்கு 7 புல்லி ஜோடியைக் கழற்றிவிட்டு, லைன் ஷாஃப்டின் 480 சுற்றை நேராகத் தோல் சக்கரத்துக்குக் கொடுத்தேன். சங்கிலியைத் தட்டின் அச்சுக்கு மாற்றினேன். 75 ஆரத்தில் தட்டு 480, 175இல் 206. அதே எல்லைகள், தலைகீழாக. முன்பு வெளியே நகர்த்தினால் வேகம், இப்போது உள்ளே நகர்த்தினால் வேகம்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று சேர்ந்து வந்தது. பழைய ஏற்பாட்டில் மெதுவான வேகத்துக்குச் சக்கரம் தட்டின் மையத்துக்கு அருகில் நிற்கும். அங்கே விளிம்பு வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர்தான். வழுக்காமல் தாங்கும் இழுவிசை 8 கிலோ, அது எங்கே நின்றாலும் மாறாது. ஆகவே மெதுவாக ஓட்டும்போது திறன் பாதிக்கும் கீழே போய்விடும். எண்ணெய்ச் சரக்கு பிசுபிசுத்து இறுகும் நேரத்தில்தான் இயந்திரம் சோர்ந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் விளிம்பு வேகம் எப்போதும் 3.77 மீட்டர். மெதுவான வேகத்துக்குச் சக்கரம் தட்டின் ஓரத்தில் நிற்கிறது. அதே 8 கிலோ 75 மில்லிமீட்டர் கையில் திருகாமல் 175 மில்லிமீட்டர் கையில் திருகுகிறது. முறுக்கு விசை 2⅓ மடங்கு. தோலும் மையத்தின் கொடுமையிலிருந்து தப்பி, பெரும்பாலும் ஓரத்தில் நிம்மதியாக உருளுகிறது.

நஷ்டமும் உண்டு. வேகம் ஆரத்துக்கு எதிர்விகிதம் என்பதால் கைச்சக்கரத்தின் ஒரு சுற்று எல்லா இடத்திலும் ஒரே பலன் தராது. 175இலிருந்து 165க்கு நகர்த்தினால் ஸ்க்ரூ வேகம் இரண்டரைச் சுற்று ஏறும். 85இலிருந்து 75க்கு நகர்த்தினால் 11 சுற்று ஏறும். உள்ளே போகப் போகப் பாய்ச்சல். அதனால் 75க்கு உள்ளே போகாதபடி ஒரு தடை வளையம் வைத்தேன். அளவுப் பலகையில் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் இருக்கின்றன. அண்ணன் அதைக் கோணல் வேலை என்றுதான் இன்னும் நினைக்கிறார்.

இடையில் குங்கிலியக் கதை ஒன்று. மில்லில் பழைய அரிசி ஆலைக் காலத்து ஃபிட்டர் மாமா ஒருவர் இருக்கிறார். தோல் பெல்ட் ஓட்டிய கை. மழை பிடித்த வாரத்தில் சக்கரம் லேசாக வழுக்கியபோது, "கொஞ்சம் குங்கிலியப் பொடி தூவு மாப்பிள்ளை, கடித்துப் பிடிக்கும்" என்றார். பெரியவர் பேச்சு, தூவினேன். கடித்துத்தான் பிடித்தது, ஒரு மணி நேரம். பிறகு சூட்டில் உருகி, உமித் தூசியோடு சேர்ந்து கருப்பு மெருகாகப் படிந்து, முன்னைவிட மோசமாக வழுக்கியது. தட்டைச் சுரண்டி மண்ணெண்ணெயில் துடைத்து, தோலை லேத்தில் ஏற்றி அரை மில்லிமீட்டர் கடைந்து எடுத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. வழுக்கலுக்குக் காரணம் ஈரமும் தூசியும்தான். தகரத்தில் மூடி செய்து, ஓரங்களில் கம்பளித் துணி ஒட்டியதும் சரியாகிவிட்டது. வழுக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் உமித் தூசி குவிந்து கிடப்பது தீக்கு அழைப்பு என்பதால் அந்த மூடி எப்படியும் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்கிறார்கள்.

இன்னொன்று, ஓடும்போது மட்டுமே கைச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஓட்டத்தில் தோல் சக்கரம் விரலால் தள்ளினால் கூட நகரும். நின்ற நிலையில் தள்ளினால் 40 கிலோ அழுத்தத்தில் தோல் தட்டின் மேல் இழுபட்டுக் கிழியும். இதை மூடியின் மேல் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதிவைத்தோம்.

ஸ்க்ரூ நின்றால் உடனே தெரிய வேண்டுமே? ஸ்க்ரூ அச்சின் வால் பக்கத்தில் ஒரு சிறு முளை அடித்து, சுற்றுக்கு ஒருமுறை சைக்கிள் மணியைத் தட்டும்படி வைத்தேன். மணி அடிக்கும்வரை உளுந்து போகிறது, மணி நின்றால் ஓடு. யோசனையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மணிக்குள் துணி திணித்திருந்தது. நிமிடத்துக்கு 60, 70 முறை காதுக்குள் மணியடித்தால் எந்த மனுஷி பொறுப்பாள் என்று சல்லடையில் நிற்கும் அக்கா கேட்டார். கேட்டது சரிதான். இப்போது முளைக்குப் பதில் ஒரு சின்னப் பற்சக்கரம் வைத்து, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை அடிக்கும்படி மாற்றியிருக்கிறேன். துணி இன்னும் வரவில்லை.

மாற்றிப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. அதன் பின் இரண்டு முறை ஸ்க்ரூ சிக்கியது. இரண்டு முறையும் தோல் வட்டம் கெடவில்லை. விட்டம் 150இலிருந்து 147.5க்கு வந்திருக்கிறது. மாற்று வளையத்துக்குத் தோல் வெட்டி அடுக்கி முறுக்கி வைத்திருக்கிறேன். இந்த மழையில் வஜ்ஜிரம் காயமாட்டேன் என்கிறது.